துளசி ஏத்திட்டுப் போன முதல் பயணி

அந்த வழக்கத்த ஆரம்பிச்சவ யாருன்னு தெரிஞ்சா, நிக்க வச்சு நாலு வார்த்தை நல்லா கேப்பேன். எங்க மலைநாட்டுப் பெண் விமானிகள் கிளப்புல ஒருத்திக்கு லைசன்ஸ் கெடச்சா, அவ மொதல்ல ஏத்திட்டுப் போற ஆளு வீட்டு ஆளா இருக்கணும். அதுவும் முன் சீட்டுல, பக்கத்துல. ஷர்மினி அவ அம்மாவ ஏத்துனா, இஸ்ஸதி அவ மாமியார ஏத்துனா. எல்லாரும் அழுதாங்க, கேக் வெட்டுனோம். சரிதான். துளசிக்கு வீட்டு ஆளுன்னா யாரு? அவ புருஷன் குகன். அவன ஏத்தாதீங்கன்னு தொண்ட கிழியக் கத்துனவ நான், இந்தச் சந்திரிகா ஒருத்திதான். யாரு கேட்டா?

துளசி சுங்கை பினாங் ஃபிளாட்டுல குடியிருந்தா. கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில வேல. நின்னு நின்னு கால் வீங்க ஓவர்டைம் பாத்துப் பறக்கக் கத்துக்கிட்டவ. அவ விமானத்த எறக்குனா தரையத் தொட்டதே தெரியாது, அவ்ளோ பக்குவம். தரையில நடக்குறப்பதான் பயம் எல்லாம். வெயில் கொளுத்துற மத்தியானத்துலயும் முழுக்கைச் சட்ட போட்டுக்கிட்டு வருவா. "எங்கடி அடி பட்டுச்சு?"ன்னா, "குளியல் ரூம்ல வழுக்கிடுச்சுக்கா"ம்பா. ஒரே குளியல் ரூம்ல ஒருத்திக்கு எத்தன தடவதான் வழுக்கும்?

குகன் லோரி ஓட்டுறவன். அடிக்காத மாடு படியாதும்பான், அதுவும் எங்க முன்னாடியே, சிரிச்சுக்கிட்டு. அவனும் வர ஒத்துக்கிட்டான், ஒரு பேச்சு பேசிட்டு: "ஒரு தடவ வந்து பாக்குறேன். எனக்குப் புடிக்கலன்னா லைசன்ச கிழிச்சுப் போட்டுட்டு வீட்டோட கெடக்கணும்." துளசி சரின்னுட்டா. "மேல வந்து பாத்தா அவரு மாறிடுவாருக்கா"ன்னா என்கிட்ட. பைத்தியக்காரி! சண்ட போட்டு நானும் பின் சீட்டுல ஏறிக்கிட்டேன்.

அந்தச் சின்ன விமானத்துல முன்னால ரெண்டு சீட்டுக்கும் ஆளுக்கொரு ஸ்டீரிங். ஒண்ண இழுத்தா இன்னொண்ணும் சேர்ந்து வரும். "அதத் தொடாதீங்க"ன்னு துளசி அவன்கிட்ட ரெண்டு தடவ சொன்னா.

கடலத் தாண்டி, அவன் பொறந்த பைராம் தோட்டத்து மேல போறப்ப அவனே சிரிச்சுட்டான். "ஏய், அது எங்க ஸ்கூல் லா!"ன்னு கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டுப் பாத்தான். எனக்கே மனசு கொஞ்சம் எளகிச்சு. அப்புறம் கெழக்க மலைப் பக்கம் திரும்புனோம். மலை மேல ஏறி வர்ற காத்து சில நாளு இந்தப் பக்கம் கவுந்து விழும். மேகம் இருந்தா முன்னாடியே தெரியும். அன்னைக்கு வானம் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

ஒரே அடி. விமானம் கல்லாட்டம் கீழ விழுந்துச்சு. என் தல கூரையில மோதி, நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். துளசி பதறாம மலைய விட்டுத் திருப்புனா. ரெண்டாவது அடி விழுந்ததும் குகன் அலறிக்கிட்டு அவன் பக்கத்து ஸ்டீரிங்க நெஞ்சோட சேத்து இழுத்தான். விமானத்து மூக்கு மேல தூக்குச்சு, வேகம் செத்துப் போச்சு, எச்சரிக்கை ஹார்ன் ஊளையிட ஆரம்பிச்சுது.

"விடுங்க! செத்துருவோம், விடுங்க!"

"கீழ எறக்குடி நாயே!" ஒரு கையால ஸ்டீரிங்க விடாமப் புடிச்சுக்கிட்டு, மறு கையால அவ கன்னத்துல விட்டான். அவ காதுல போட்டிருந்த ஹெட்செட் பறந்துச்சு. நான் பின்னால இருந்து அவன் சட்டக் காலரப் புடிச்சு இழுத்தேன். முழங்கையால என் மூக்க ஒடச்சான் படுபாவி. மறுபடியும் அவள அடிச்சான். எடது றெக்க சரிஞ்சுது. ஜன்னல் முழுக்கக் காடு சுத்துச்சு. முடிஞ்சுதுடா சாமின்னு நெனச்சேன்.

துளசி குனிஞ்சு, சீட்டுக்கு நடுவுல இருந்த தீயணைக்கிற குட்டி சிலிண்டரப் புடுங்கி, ஸ்டீரிங்கப் புடிச்சிருந்த அவன் வெரலு மேல ஓங்கி எறக்குனா. எலும்பு நொறுங்குன சத்தம் எஞ்சின் சத்தத்துலயும் கேட்டுச்சு. அவன் கை விட்டுச்சு. அவ விமானத்து மூக்கக் கீழ தள்ளி, கால் பெடல மிதிச்சு, சுத்துன விமானத்த நிமித்துனா. மரத்து எலையெல்லாம் தனித்தனியா தெரியிற ஒசரம்தான் மிச்சம்.

திரும்பி வர்ற வழி முழுக்க அவன் ஊளையிட்டுக்கிட்டே வந்தான். அவ ஹெட்செட்ட எடுத்து மாட்டி, கன்னம் வீங்கிக்கிட்டே வர, டவர்கிட்ட எறங்க அனுமதி கேட்டா. தரையத் தொட்டதே தெரியல.

கீழ எங்க ஆளுங்க மாலையும் கேக்குமா நின்னாங்க. குகன் எறங்குன ஒடனே நல்ல கையத் தூக்கிக்கிட்டு வந்தான். "கட்டுன புருஷனையே அடிச்சிட்டியாடி?"

துளசி நகரல. அவ கொரல் அவ்ளோ ஒசந்து நான் கேட்டதே இல்ல.

"மேல மூணு உயிரக் காப்பாத்த ஒரு தடவ அடிச்சேன். நீங்க இத்தன வருஷமா என்னை அடிச்சீங்களே, எந்த உயிரக் காப்பாத்த?"

அவன் தூக்குன கையத் தானா எறக்குனான். ஷர்மினி மாலைய வச்சுக்கிட்டு முழிச்சா. துளசி லைசன்ச பைக்குள்ள பத்திரமா வச்சா, என் கெரெத்தா முன் சீட்டுல ஏறிக் கதவச் சாத்துனா.

மூக்குல துணிய அமுக்கிக்கிட்டே, "எங்கடி போறது? ஆஸ்பத்திரிக்கா?"ன்னு கேட்டேன்.

"மொதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக்கா. அவர நான் அடிச்சதச் சொல்லணும். அப்படியே குளியல் ரூம்ல வழுக்குனதயும் சொல்லிடுறேன்."