ஒன்றரை விநாடி

என் கணவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் டிரைவருக்குக் கைச்சைகை காட்டும் வேலை பார்த்தார். போன வருடம் கிரேன் தூக்கிய இரும்புச் சுருள் ஒன்று பக்கவாட்டில் ஆடிவந்து அவரை அடித்துப் போட்டது. அவர் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து ராயபுரம் கோயில் வாசலில் நின்றபோது, அவரோடு வேலை பார்த்த நண்பர் சொன்னார்: “கொஞ்சம் உஷாரா இருந்திருந்தா ஒதுங்கியிருக்கலாம், அண்ணி. எங்கியோ பராக்கு பார்த்துகினு இருந்துட்டாரு.”

யார்டின் விபத்து ரிப்போர்ட்டிலும் கவனக்குறைவு என்றே எழுதியிருந்தார்கள். சின்னத் தெருவைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடித்து நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர் அவர்.

ஆடிவரும் பாரம் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும்? யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. நான் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள். ஜெராக்ஸ் கடையில் வேலை. போனில் ‘மெக்கானிக்ஸ்’ என்று தேடினேன். பைக் இன்ஜினைப் பிரித்து மாட்டும் வீடியோக்களாக வந்தன. ‘பிசிக்ஸ்’ என்று சேர்த்ததும் வெளிநாட்டுக் கல்லூரி வகுப்புகள் வந்தன. வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக் கேட்டும் ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் தமிழிலேயே இலவசமாகக் கிடைத்தது. கடையிலேயே பிரின்ட் எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு வாத்தியாரின் வீடியோக்கள். கரும்பலகையில் அவர் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் மாவு மெஷின் ஓடும். கயிற்றில் தொங்கி ஆடுவதைப் பற்றிய ஊசல் பாடத்துக்கு நேராகப் போகப் பார்த்தேன், முடியவில்லை. சைன், காஸ் குறுக்கே நின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குக்குத் திரும்பிப் போய், விசை, முடுக்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வர ஏழு மாதம் ஆனது.

வீடியோவுக்குக் கீழே ஒரு நாள் எழுதிக் கேட்டேன்: “பாரம் கூடினால் சீக்கிரம் வருமா, சார்?”

நான்காம் நாள் பதில் வந்தது. “எடைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை அம்மா. கயிற்றின் நீளம்தான் முக்கியம். எதற்காகக் கேட்கிறீர்கள்?”

‘கயிற்றின் நீளம்’ என்று பிரின்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

நண்பர் ஒருமுறை கடைக்கு வந்தபோது, அன்று கிரேன் கயிறு எவ்வளவு நீளம் தொங்கியது என்று கேட்டேன். “ஒம்போது மீட்டர் இருக்கும். இன்னாத்துக்கு அண்ணி?”

அவர் எதிரிலேயே கணக்கைப் போட்டேன். ஒரு முழு ஆட்டத்துக்கு ஆறு விநாடி. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர ஒன்றரை.

“பாருங்க, ஒன்றரை செகண்டுதான். இதுல அவரு எங்க ஒதுங்கறது?”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஆடி வர்றத நான் பார்த்துட்டேன், அண்ணி. கத்தறதுக்கு வாய் வர்ல. அதான்... தப்ப அவரு மேலயே போட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மறுபடியும் கணக்குப் போட்டேன். நண்பர் கத்தியிருந்தால் சத்தம் போய்ச் சேர நேரமே ஆகாது. ஆனால் என் கணவர் அதைக் கேட்டுத் திரும்ப, புரிந்துகொள்ள, கால் எடுத்து வைக்க? அதற்குப் புத்தகத்தில் சூத்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கத்திவாக்கத்தில் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ போட உள்ளே போனாள்.

“நீங்க கத்தியிருந்தாலும் அவரால நவுந்திருக்க முடியாதுங்க. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்” என்றேன்.

அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். நான் சொன்னது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.