தலை குனியாமல் இரண்டு நிமிடம்

யுத்தம் தொடங்கிய புதிதில் எங்கள் கால்பந்து கிளப் ஜெர்மனியைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் செயலாளரான என் அப்பா. வழிமொழிந்தவர் கோல் காக்கும் தையல்காரர். எதிர்ப்பு இல்லை. நகல் ஒன்று மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான தோட்டத் துரைமார்களுக்குப் போனது. ஜெர்மனிக்கு நகல் போனதாகத் தெரியவில்லை. முகவரி கிடைத்திருக்காது.

"ஜெர்மன்காரனுக்கு நம்ம கிளப்பு இருக்கறது தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியோணும்னு இல்ல கண்ணு. தீர்மானம்னா அப்படித்தான்" என்றார் அப்பா.

பிற்காலத்தில் சர்க்கார் ஆபீசில் தீர்மானங்களோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்த மேலதிகாரியிடமும் கேட்டதில்லை. அந்த வருஷமும் மைதானம் எங்களுக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது குன்னூர் பஜாரின் கிளப். மளிகைக் கடை, தையல் கடை, இறைச்சிக் கடை, மிஷன் பள்ளிக்கூடம் என்று பல இடங்களிலிருந்து பதினொரு பேர் தேறினார்கள். பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். தலைவர் ஜவுளிக்கடைக்காரர். கடையில் சீமைத் துணி விற்றார், உடம்பில் கதர் போட்டிருந்தார். இரண்டிலும் அவருக்கு உண்மையான பிடிப்பு இருந்தது. அப்பா ஒரு துரையின் எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். ஆக, கிளப்பின் தலை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இருந்தன. கால்கள் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் பந்தாடிக்கொண்டிருந்தன.

அந்தக் கால்களில் நல்ல கால்கள் நான்கு. அவை என் இரண்டு சித்தப்பாக்களுடையவை. பெரிய சித்தப்பா பேக்கரியில் வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டிக்கு மாவு பிசைபவர். சின்னச் சித்தப்பா லாரி டிரைவர். ஆட்டத்தில் பெரியவர் திரும்பிப் பார்க்காமலே பந்தை இடப்பக்கம் தள்ளுவார். அங்கே சின்னவர் வந்து நின்றிருப்பார். இதை இருவரும் எப்போது பேசி வைத்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேச்சு இருவருக்குமே கம்மி.

பிறகு சின்னவர் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போனார். கப்பல் ஏறி சிங்கப்பூர் போனார். சிங்கப்பூர் விழுந்ததாகப் பத்திரிகையில் வந்தது. ஓர் ஊர் எப்படி விழும் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. 'காணவில்லை' என்று பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் மட்டும் வந்தது. சர்ச்சில் ஞாயிறுதோறும் போதகர், பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது சின்னச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லுவார். பெரிய சித்தப்பா மற்ற ஜெபங்களுக்கெல்லாம் வெளியில் நின்றிருந்துவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் உள்ளே வந்து 'ஆமென்' சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு கோப்பை ஆட்டம் வந்தது. கோப்பை அப்பாவின் துரை கொடுத்தது. எதிரணி அவருடைய எஸ்டேட் அணி. துரை அப்பாவிடம் இரண்டு விஷயங்கள் சொல்லியனுப்பினார். ஒன்று, ஆட்டத்துக்கு முன் யுத்தத்தில் மாண்ட மலைக்காரர்களின் பெயர்கள் வாசிக்கப்படும், பிறகு இரண்டு நிமிடம் மௌனம், அதில் பஜார் கிளப்பும் கிளப் என்ற முறையில் கலந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, அந்த பேக்கரிக்காரப் பையன் நன்றாக ஆடுகிறான், ஆட்டம் முடிந்ததும் எஸ்டேட் பேக்டரியில் அவனுக்கு ஒரு நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ்.

வீட்டில் இரண்டாவது விஷயம்தான் பெரிதாக இருந்தது. பேக்கரி அடுப்பின் மேல்தட்டில் படுத்துத் தூங்குகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அம்மாவின் நெடுநாள் கவலை. குவார்ட்டர்ஸ் என்ற சொல் காதில் விழுந்த அன்றே பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒரு பெண்ணை மனதில் குறித்துவிட்டாள்.

முதல் விஷயத்துக்காக கிளப்பின் கமிட்டி ஜவுளிக்கடையின் பின்கட்டில் கூடியது. அப்பாவோடு போன நான் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டேன்.

"யாரு சண்டைக்கு யாருங்க தலை குனியறது?" என்று ஆரம்பித்தார் தலைவர். "நம்ம தலைவருங்க எல்லாம் ஜெயிலுக்குள்ள இருக்கறாங்க. அவுங்களுக்கு ரெண்டு நிமிசம் நிப்பாரா உங்க துரை?"

"செத்தவங்க நம்மூருப் பசங்கதானுங்களே" என்றார் அப்பா.

"ஏனுங்க, நிக்கறதுல என்னங்க இருக்குது? பஸ்ஸுக்கு நிக்கறதில்லீங்களா?" என்றார் தையல்காரர்.

"அது பஸ்ஸு வரும்னு நிக்கறது" என்றார் தலைவர்.

ஜெர்மனியைக் கண்டித்த கிளப், ஜெர்மனியோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நிற்பதில் என்ன தடை என்று அப்பா கேட்டார். ஜெர்மனியைக் கண்டித்தது மைதானத்துக்காக என்பது ஊருக்கே தெரியும் என்றார் தலைவர். இப்போது நிற்பதும் மைதானத்துக்காகத்தான் என்று அப்பா சொல்லவில்லை. அதுவும் ஊருக்குத் தெரிந்ததுதான். நான் இரு பக்கமும் மாறி மாறித் தலையாட்டினேன். யார் பேசினாலும் அவர் சொல்வதே சரியாகப் பட்டது. நாங்கள் யாரோடு சண்டையில் இருக்கிறோம் என்று மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

சித்தப்பாவின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். "மாவு பொங்கிருமுங்க, நான் போகோணும்" என்று எழுந்து போய்விட்டார்.

முடிவில், இம்மாதிரி கமிட்டிகளால் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. மரியாதையை முன்னிட்டு கிளப் நிற்கும். கருத்தை முன்னிட்டுத் தலை குனியாது. தையல்காரர் மட்டும் ஒரு விளக்கம் கேட்டார்: "பூட்ஸ் கயிறு அவுந்துட்டா குனியலாமுங்களா?" அதை முன்கூட்டியே கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

குனியாத தலைகளைப் பற்றிய செய்தி மறுநாளே துரையை எட்டிவிட்டது. அவர் அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் கிளப் இந்த யுத்தத்துக்கு என்னதான் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். அப்பா தன் தம்பியைச் சொன்னார். காணாமல் போய் வருஷம் தாண்டிவிட்டால் அந்தப் பெயரையும் வாசிக்கலாம், தவறில்லை என்றார் துரை. பெயர்களை அப்பாவே வாசிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. சொந்தத் தம்பி என்பதால் அடக்கமாகக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அப்பா உரக்க வாசித்துப் பழகினார். கடைசிப் பெயர் வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது சரிங்களா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வேற மாதிரியல்ல சொல்றாங்க?"

"அது ஜெபம். இது பப்ளிக் மீட்டிங்" என்றார் அப்பா. "கிளப்புக்கும் நல்லது, பெரிய தம்பி வேலைக்கும் நல்லது. நீ போய்ச் சோத்தைப் பாரு."

எனக்கோ ஒரே குழப்பம், கூடவே பெருமை. ஒரே ஆள் ஞாயிற்றுக்கிழமை பிரயாணத்தில் இருந்தார், ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை யுத்தத்தில் மாண்டிருந்தார். பெரியவர்கள் கூடி இரண்டையும் செய்ய முடியுமென்றால் முடியும்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். துரைமார்கள் எழுந்து நிற்க, எங்கள் வீட்டுப் பெயர் தகரக் குழலில் ஊருக்கே கேட்க வரப்போகிறதே! அது போதுமாயிருந்தது.

ஆட்டத்தன்று பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் துரைமார்களின் நாற்காலிகள். எதிர்ச்சரிவில் பஜார் முழுவதும் உட்கார்ந்திருந்தது. சித்தப்பா ஓரமாகக் குந்தி பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சித்தப்பா, கடைசிப் பேரு நம்ம சின்னச் சித்தப்பாதுங்க! அப்பாதான் வாசிக்கறாரு!"

அவர் கை கயிற்றிலேயே நின்றது.

"எந்த லிஸ்டுல கண்ணு?"

"செத்தவங்க லிஸ்டுலீங்க."

கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். "சரி, நீ போய் உக்காரு" என்றார். நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதியதும் எல்லோரும் எழுந்தார்கள். பந்து நடுக்கோட்டில் இருந்தது. எஸ்டேட் அணி தலை குனிந்து நின்றது. எங்கள் அணி, தீர்மானத்தின்படி மோவாயை உயர்த்தி, மழை வருமா என்று பார்ப்பவர்களைப்போல நின்றது. அப்பா தகரக் குழலை வாயருகே வைத்து வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரும் மேகத்துக்குள் போய்ச் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது.

கடைசிக்கு முந்தின பெயர் முடிந்தது. அப்பா மூச்சு இழுத்தார். அப்போது சித்தப்பா பந்தை உதைத்தார்.

தடுக்க யாரும் அசையவில்லை. எல்லோரும் மரியாதையில் இருந்தார்கள். சித்தப்பா பந்தைத் தள்ளிக்கொண்டு, நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே போவதைப்போல ஓடினார். எஸ்டேட் அணியின் கோல்காரர் குனிந்த தலை குனிந்தபடியே, கைகள் உடம்போடு ஒட்டியபடியே, விழியை மட்டும் திருப்பிப் பந்து தன் காலருகே உருண்டு உள்ளே போவதைப் பார்த்தார். கடமை உணர்ச்சியில் அவரை மிஞ்சிய ஊழியரை என் சர்வீஸ் முழுவதும் நான் சந்திக்கவில்லை.

சரிவிலிருந்து எழுந்த சத்தம் மலையையே உலுக்கிவிட்டது. குடைகள் பறந்தன. நடைமுறை தவறாத அப்பா அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் வாசித்து முடித்தார். குழல் அசைவது தெரிந்தது. அதிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை.

ஆட்டம் அன்று நடக்கவில்லை. துரைமார்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆட்டம் தொடங்கிவிட்டதென்று நினைத்தேன் என்று பையன் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும், வேலை வேலைதான் என்று துரை சொல்லியனுப்பினார். கெட்டவர் இல்லை. ஜவுளிக்கடைத் தலைவர் நேரிலேயே மாலையோடு வந்தார். தேசத்துக்காகத் தெரிந்தேதான் உதைத்தேன் என்று நாளைக்குக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவரும் கெட்டவர் இல்லை.

சித்தப்பா இரண்டு வார்த்தையையும் சொல்லவில்லை.

"பின்ன எதுக்குத்தான்டா உதைச்ச?" என்று அப்பா கத்தினார்.

"பந்து இருந்துச்சு, உதைச்சேனுங்கண்ணா" என்றார். மாலையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு பேக்கரிக்குப் போய்விட்டார். வேலை போயிற்று. குவார்ட்டர்ஸ் போயிற்று. வெலிங்டன் பெண்ணை வேறு யாரோ கட்டிக்கொண்டார்கள். அம்மா ஒரு வாரம் பாத்திரங்களைச் சத்தமாகவே கழுவினாள்.

கமிட்டி மறுபடி கூடி, சித்தப்பாவைப் பாராட்டுவதா கண்டிப்பதா என்று ஓட்டெடுத்தது. சமமாக விழுந்தது. சமநிலையை முறிக்கத் தலைவர் போடும் இன்னொரு ஓட்டு செல்லுமா என்ற கேள்வி எழுந்து விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. விதிப்படி பார்த்தால் இன்றும் அது நிலுவையில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அது கோலே இல்லை. விசில் ஊதவில்லை. தொடக்க உதை உதைத்தவர் இன்னொருவர் தொடுமுன் தானே மறுபடி தொடக் கூடாது. இதை அந்தக் கமிட்டியில் யாரும் எழுப்பவில்லை. உலக விவகாரம் பேசப் புகுந்த கிளப்புக்கு ஆட்ட விதி ஞாபகம் வருவதில்லை. என் பேரன் இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து, தூரதேசத்து அணி ஒன்று ஏதோ ஒரு யுத்தத்துக்காகக் கையில் பட்டி கட்டியது சரியா தப்பா என்று நண்பர்களோடு சண்டை போடுகிறான். தாத்தா, நீங்கள் சொல்லுங்கள் என்கிறான். ஒன்பது வயதில் இருந்த குழப்பம் அப்படியே இருக்கிறது. பட்டி கட்டிய பதினொரு பேரில் யார் வீட்டில் யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் என்ன சொல்ல?

ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து பேக்கரிக்குப் போனேன். எனக்குச் சித்தப்பாவின் மேல் கடுங்கோபம். எங்கள் பெயர் குழலில் வரவேண்டிய ஒரே சமயத்தை இப்படிக் கெடுத்துவிட்டாரே. அவர் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

"நீங்க உதைச்சதுனால சின்னச் சித்தப்பா பேரு யாருக்குமே கேக்கலீங்க."

மாவுக் கையோடு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நெசமாவா கண்ணு? ஒருத்தருக்குமே?"

"ஒருத்தருக்குமே கேக்கலீங்க. பக்கத்துலயே நின்னேன், எனக்கே கேக்கல."

அவர் அழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய தட்டிலிருந்து சூடான வர்க்கிகளை இரண்டு கையாலும் அள்ளி, என் சட்டையை ஏந்தச் சொல்லி அதில் கொட்டினார். நெஞ்சு சுட்டது. பிறகு மாவுப் பக்கம் திரும்பிச் சீட்டியடிக்க ஆரம்பித்தார்.

வழி நெடுக வர்க்கி தின்றுகொண்டே யோசித்துப் பார்த்தேன். திட்டினவனுக்கு எதற்கு இத்தனை வர்க்கி?