என் வலது காலின் பழக்கம்

பருத்திப்பட்டு ஏரிக்கரையைத் தாண்டும்போதுதான் பசி தெரிந்தது. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மைதானத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கேட்காத தூரத்துக்கு வந்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த விழாவுக்கு நான் போனதே சாப்பாட்டுக்காகத்தான். பிரியாணி அண்டா திறப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

விழா அவனுக்கு. நானும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே மைதானத்தில் மற்றவர்களின் கோல்ஃப் பைகளைத் தூக்கியவர்கள். அந்த வருடம் நாட்டில் தொழில்முறையாகக் கோல்ஃப் ஆடுகிறவர்களில் அவன் முதலாவதாக வந்திருந்தான். அதற்காகப் பந்தல் போட்டு, சாமந்தி மாலை வாங்கி, பெரிய அதிகாரிகளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் மைக்கைப் பிடித்தான். நன்றியெல்லாம் சொன்ன பிறகு, தன்னைவிட நன்றாக ஆடக்கூடியவன் ஒருவன் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்று கடைசி வரிசையைக் காட்டினான். எல்லாத் தலைகளும் திரும்பின.

“யாரு, அந்த லுங்கியா?” என்று எனக்கு முன்னால் இருந்த ஒருவர் கேட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பந்தலில் லுங்கி கட்டியிருந்தது நான் ஒருவன்தான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். புகழ்ந்துவிட்டான். ஜெயித்தவன் வாயால் வரும் புகழ்ச்சி, சாப்பிட்டு முடித்தவன் இலையை நம் பக்கம் தள்ளுவது மாதிரி இருந்தது. எழுந்து நடந்தேன்.

நாங்கள் பை தூக்கிய அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோல்ஃப் என்றால் பச்சைப் பசேல் என்று நினைப்பார்கள். அங்கே புல்லைவிடக் கட்டாந்தரையும் நெருஞ்சியும்தான் அதிகம். கடைசியில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் இடத்திலாவது நல்ல புல் இருக்க வேண்டும். அதற்கு ஊற்றத் தண்ணீர் கிடையாது. அதனால் குழியைச் சுற்றி வட்டமாக மணலைப் பரப்பி, லாரிகளில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றி இறுக வைப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். ஆட்கள் நடந்தால் அதில் கால் தடம் விழும். எனவே பந்தை உருட்டுவதற்கு முன், பந்துக்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் மணலைத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ளலாம். அங்கே அது சட்டப்படி சரி. அங்கே ஆட வரும் அதிகாரிகளுக்கு நாங்கள் ஒரு இரும்புக் குழாயை இழுத்துத் தேய்த்துக் கொடுப்போம். சாயங்காலம் அவர்கள் போன பிறகு, அவர்கள் தூக்கியெறிந்த மட்டைகளை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடும்போது குழாயைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். வலது காலால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், பாதை தயார்.

அந்த ஆட்டங்களில் நான்தான் ஜெயிப்பேன். இதை ஜம்பத்துக்குச் சொல்லவில்லை. அவன் என்னை ஜெயித்த நாட்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது, அவ்வளவு குறைவு. நான் அடித்தால் பந்து எழும்பும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். அவன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யோசிப்பான், மூக்கைச் சொறிவான், காற்றைப் பார்ப்பான். எங்கள் இருவரின் அப்பாக்களும் முன்பு கழனி வேலை பார்த்தவர்கள். கழனியெல்லாம் தொழிற்பேட்டை ஆன பிறகு என் அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மூட்டை இறக்கினார், அவன் அப்பா வேறொரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் பத்தாவது வரை போய் ஃபெயில் ஆனான். எந்த விதத்திலும் அவன் எனக்கு மேலே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் அவன் நகரத்துக்குள் இருக்கும் ஒரு புல் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். ஆடுவதற்கோ பை தூக்குவதற்கோ இல்லை, புல் வெட்டுவதற்கு. எங்கள் கூட்டமே அவனைக் கலாய்த்தது. நான்தான் அதிகம்.

“புல்லு வெட்ட ரயில் ஏறிப் போறியே மச்சான், எங்க ஊட்டுக்குப் பின்னால எவ்ளோ கீது, வந்து வெட்டேன்” என்றேன்.

அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாள் விடிவதற்குள் மின்சார ரயிலில் போய்விட்டான். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே போய் வந்தான். பேச்சு மட்டும் மாறியது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்து இழுக்கும், காலையில் ஒரு மாதிரி ஓடும், மதியம் ஒரு மாதிரி ஓடும் என்பான். எனக்கு அது கதை மாதிரி இருந்தது. மணலில் பந்து நேராக உருளும். நேராக உருண்ட பந்து குழிக்குள் விழும். இதில் என்ன படிப்பு என்று நினைத்தேன்.

பிறகு அந்தத் தேர்வு வந்தது. பை தூக்குகிறவர்களும் அதில் ஆடலாம். தேறினால் தொழில்முறை ஆட்டக்காரன் என்று அட்டை தருவார்கள், பரிசுப் பணத்துக்கான போட்டிகளில் இறங்கலாம். ஆட்டம் புல் மைதானத்தில். என்னையும் அவனையும் ஒரே குழுவில் போட்டார்கள். எங்களோடு ஆட வேண்டிய மூன்றாவது ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. கோல்ஃபில் நடுவர் கூடவே நடக்க மாட்டார். அவன் எத்தனை அடி அடித்தான் என்று நான் குறிக்க வேண்டும், என்னுடையதை அவன் குறிக்க வேண்டும். குறைந்த அடியில் முடித்தவன் மேலே.

முதல் குழியிலேயே என் பந்து, குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவன் பந்து தூரத்தில் கிடந்தது. நான் உருட்டும் மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். பந்துக்கு முன்னால் நின்றேன். வலது காலால் ஒரு இழுப்பு இழுத்தேன்.

புல்லில் அது குற்றம். பந்து போகும் பாதையைத் தொடக் கூடாது. இரண்டு அடி தண்டனை. பச்சைப் புல்லில் என் செருப்பு தேய்த்த கோடு வெளிறித் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

அந்த இரண்டு அடியையும் சேர்த்து அவன் என் கணக்கு அட்டையில் எழுதினான்.

மாலையில் பட்டியல் போட்டார்கள். கடைசி இடத்தில் அவன் தேறியிருந்தான். அவனுக்கு ஒரே ஒரு அடி பின்னால் நான், வெளியே. கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏன்டா எழுதினாய் என்று சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டேன்.

“எழுதாம உட்டா எனக்குத் தூக்கம் வராது மச்சான்” என்றான்.

அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அந்த வாரமே ஒரு லாரியில் கிளீனராக ஏறி நெல்லூர் போனேன். அங்கே இறால் குட்டையில் சேறு வாரினேன். அப்புறம் செங்குன்றத்தில் ஒரு அரிசி ஆலை, ஓசூரில் ஒரு செங்கல் சூளை, நடுவில் ஒரு பரோட்டாக் கடை. எந்த இடத்திலும் ஒரு தீபாவளிக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, நானேதான் கிளம்பிவிடுவேன்.

அவன் செய்தி மட்டும் என்னைத் துரத்திக்கொண்டே வந்தது. ஓசூரில் போண்டா மடித்த தாளில் அவன் பெயர் இருந்தது, எண்ணெய் ஊறி. முதலில் ஒரு மூலையில் இரண்டு வரி. பிறகு படம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கல்கத்தா போனதாகவும், பை தூக்குகிறவர்களின் கொட்டகையில் படுத்து எழுந்து ஆடியதாகவும் எழுதியிருந்தார்கள். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும்படி இருந்தது. நானும் அதே மாதிரிப் பெட்டியில் அதே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தேன், எனக்கு யாரும் எழுதவில்லை. பெங்களூரில் முதல் கோப்பை. பிறகு டில்லி. பிறகு மலேசியா, சிங்கப்பூர். அவன் தோற்ற வாரங்களில் எனக்குச் சோறு நன்றாக இறங்கும். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆக, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வெள்ளை மாருதி. அவனே ஓட்டி வந்தான். மாலை பின் சீட்டில் கிடந்தது.

“இன்னாடா, சொல்லாம கொள்ளாம போயிகினே கீற” என்றான்.

நான் நிற்காமல் நடந்தேன். அவன் என் வேகத்துக்குக் காரை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த பஸ்காரர் அவனைத் திட்டினார். அவன் ஓரம் கட்டி இறங்கி, ஒரு பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கோபம் வேறு, பசி வேறு. கரையில் உட்கார்ந்து பிரித்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். வலது கை என் கை மாதிரியே கறுத்திருந்தது. எப்போதும் உறை போட்டு ஆடும் இடது கை மட்டும் பங்களாவில் பிறந்தவன் கை மாதிரி வெளுத்திருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது வந்த எரிச்சல் காரைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

அவன் சுற்றி வளைக்கவில்லை. தன்னுடைய பையைத் தூக்க நான் வர வேண்டும் என்றான். அடுத்த வாரம் ஆட்டம், காலையில் பெங்களூர் கிளம்புகிறேன், கூட வந்துவிடு என்றான். ஏன் என்று கேட்டேன். கடைசியாகக் கோப்பை வாங்கியதிலிருந்து பந்தை உருட்ட முடியவில்லை என்றான். சின்னத் தூரம்கூட. குழிக்குப் பக்கத்தில் நின்றால் உடம்பு இறுகிவிடுகிறது. வெள்ளைக்கார வாத்தியார் ஒருவரிடம் காட்டினானாம், மட்டையை மாற்றச் சொன்னாராம். மாற்றியும் இறுக்கம் போகவில்லை.

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, அடித்துக் காட்டு என்றேன்.

காரின் டிக்கியிலிருந்து மட்டையும் பந்துகளும் எடுத்து வந்தான். ஆடு மேய்ந்து மொட்டையான புல் தரை ஒன்று இருந்தது. என் செருப்பு ஒன்றைக் குழியாக வைத்துக்கொண்டான். முதல் பந்து விலகிப் போனது. அடுத்ததும் போனது. ஒவ்வொன்றும் விலகும்போது நான் ஒரு வாய் சாப்பிட்டேன். நல்ல பிரியாணி.

பிறகு அவன் ஷூவைப் பார்த்தேன். மட்டையைப் பின்னால் இழுக்கும் நேரத்தில் வலது ஷூவின் முன்பக்கத் தோல் மெல்ல எழும்பியது. உள்ளே விரல்களை இறுக்கிக்கொள்கிறான். கால் தேய்க்கப் பார்க்கிறது, அவன் அதைத் தேய்க்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறான். அன்றைக்கு என் அட்டையில் எழுதியவன் தன் காலைக் கட்டிப்போட்டுவிட்டான். அது அவிழவேயில்லை, இப்போது இன்னும் இறுகிவிட்டது. வெள்ளைக்கார வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும்? அவர் பிரவுனில் ஆடியவர் இல்லையே.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பிரியாணி வாயிலேயே இருந்தது, மூடியிருப்பது கஷ்டமில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதை அவனுக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“கையில ஒண்ணும் இல்லடா. உன் வலது கால் பயப்படுது” என்றேன்.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

“அந்தாண்ட தள்ளிப் போய் தரையில ஒரு தேய் தேய்ச்சுட்டு வா. அப்பால அடி.”

பந்தின் பாதையை விட்டு நன்றாக விலகிப் போய், வலது காலை மண்ணில் ஒரு இழுப்பு இழுத்தான். பழைய இழுப்பு, அப்படியே. திரும்பி வந்து அடித்தான். பந்து என் செருப்பில் தட்டி நின்றது. மறுபடி தேய்த்தான், மறுபடி தட்டியது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட்டேன் என்று அப்போது உறைத்தது.

“வந்துடு மச்சான்” என்றான். “நீ இல்லாம முடியாது.”

“உன் பையைத் தூக்கினா உன் பின்னாலதான் நடக்கணும்.”

“முன்னால நட. யாரு வேணான்னா?”

“நீ எழுதாம உட்டிருந்தா இன்னைக்கு யாரு பையை யாரு தூக்குவான்?”

அவன் மட்டையைத் துணியால் துடைத்தான். துடைத்து முடித்து, “நீ தேய்ச்சேதானே” என்றான். குரலை உயர்த்தவில்லை. நான் தேய்த்தேன்தான். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை அவன் பின்னால் வரவில்லை.

அவன் அதற்குப் பிறகு நிறைய ஜெயித்தான். சில வருடம் கழித்து பூந்தமல்லியில் ஒரு டிவி கடை வாசலில் நின்று பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் போனவன், புல்லை விட்டு வெளியே வந்து வலது காலைத் தரையில் ஒரு இழுப்பு இழுத்தான். திரும்பிப் போய்ப் பந்தை உருட்டினான், விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அது அவன் முத்திரையாகிவிட்டது. தாய் மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டு ஆடுகிறான் என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. அது என் கால். எனக்கு இரண்டு அடி தண்டனை வாங்கித் தந்த அதே இழுப்பு. நான் வருந்துகிற விஷயங்கள் வாழ்க்கையில் அதிகம் இல்லை. அன்றைக்கு வாயைத் திறந்தது அதில் ஒன்று.

அவனை விட்டுக் கிளம்பிய அன்று, ஏரிக்கரையிலிருந்து சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி போய், பஸ் நிலையத்தில் படுத்தேன். விடிந்ததும் நெடுஞ்சாலை ஓரமாகத் திருமழிசைக்கு நடந்தேன். பெங்களூர் போகும் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. வெள்ளைக் கார் எது போனாலும் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரி கேட்டில், ஆள் தேவை என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. உள்ளே தரையெல்லாம் கறுத்த மணல். இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதற்கு அந்த மணலில் எண்ணெய் கலந்து, பெட்டியில் இறுக்கி, அச்சு எடுப்பார்கள். பிரவுனின் அதே வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எந்த இடம் என்று ஒரு நிமிடம் குழம்பியது.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். மணலை மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்துச் சமம் பண்ண வருமா என்று கேட்டார்.

வரும் என்றேன். கையால்தானே என்று கேட்டுக்கொண்டேன். வேறு எதால் என்றார் அவர். செருப்பைக் கேட் பக்கம் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.