தண்ணீர்க் கொம்பனியின் அனுசரணையில்

நான் இருக்கும் நோர்வே ஊரில் சால்மன் மீன் வளர்க்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு உடுப்பு, பாடகர் குழுவுக்குப் பியானோ, முதியோர் இல்லத்துக்கு வாகனம் என்று எங்கே பார்த்தாலும் அதன் பெயர்தான். அந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் எனக்கு வேலை. ஒரு இலையுதிர் காலத்தில், மலைகளுக்கிடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டுக்குள் இன்னும் சில மீன்கூடுகளை இறக்க நிறுவனம் அனுமதி கேட்டது. கொம்யூன, அதாவது அந்த ஊர்ச் சபை, அதற்கு ஒரு கூட்டம் வைத்தது. நானும் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவி எழும்பினாள். நிறுவனத்தின் பெயரை முதுகில் எழுதிய கழக மேலங்கியைக் கழற்றாமலே அந்த நிறுவனத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாள். கூடுகளின் கழிவால் கடலடி செத்துக்கொண்டிருக்கிறது என்றாள். நிறுவனத்தின் முகாமையாளர் தலை குனிந்து குறிப்பெடுத்தார். இடைவேளையில் அவரே அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். கோப்பியும் அவருடைய செலவு, அவள் கடித்துக்கொண்டிருந்த வாஃபிளும் அவருடைய செலவு.

எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த நோர்வேக்காரியிடம் எனக்குத் தெரிந்த நொண்டி நோர்வே மொழியில், "இனியும் காசு கிடைக்குமா?" என்று கேட்டேன். கழகத்துக்குக் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன கஷ்டம்? எவ்வளவு தேவை?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். உடுப்பு வாங்கியவன் வாயை மூட வேண்டும் என்ற, நான் பிறந்த ஊரின் ஒழுங்கை அவளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

அடுத்த தை மாதம் ஊருக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில், பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் இன்னும் நாலு பேர் என்னை வைவார்கள். எங்கள் தாய்வீட்டில் இப்போது அண்ணை மட்டும் இருக்கிறார். படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சனசமூக நிலையத்தின் தலைவர். போய் இறங்கிய காலை அவர் போட்டுத் தந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, என்ன உது, தேத்தண்ணி உப்பாக் கிடக்கு?"

"பால்மாவின்ரை குணம்."

பால் இல்லாமல் ஒன்று போட்டுக் குடித்தேன். அதுவும் உப்பு. குளிக்கப் போனால் சவர்க்காரம் நுரைக்கவில்லை, தலைமயிர் கயிறாகத் திரண்டது. கிணறு உப்பேறிச் சவராகிவிட்டதா என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடிக்கிறதுக்கு உதிலை நல்ல தண்ணி கிடக்கு, எடு," என்று குசினி மூலையைக் கையால் காட்டினார். அங்கே நீல நிறத் தண்ணீர்க் கான்கள் அடுக்கியிருந்தன. ஊருக்குள் இருக்கும் தண்ணீர்க் கொம்பனி சனசமூக நிலையத் தலைவருக்கு இலவசமாகக் கொடுக்கும் தண்ணீர்.

கொம்பனியின் முதலாளி ரவீந்திரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். சண்டை முடிந்த பிறகு கொழும்பிலிருந்து திரும்பி வந்து, ஊரின் தெற்கு எல்லையில் காணி வாங்கிக் குழாய்க்கிணறுகள் இறக்கி, தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிறார். போத்தலில் அடைத்து மிஞ்சியது பவுசர் என்ற தாங்கி லொறிகளில் ஏறி யாழ்ப்பாணத்து ஹோட்டல்களுக்குப் போகிறது. எங்கள் பக்கத்து நிலம் சுண்ணாம்புக் கல். மழை பெய்து இறங்கிய நல்ல தண்ணீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வரும். இதை அந்த ஊரில் தோட்டம் செய்த எவரும் அறிவர், அண்ணையும் பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பித்தவர்தான். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. விளையாட்டுக் கழகத்தின் மதிலில் ரவீந்திரனின் பெயர், சிறுவர் இல்லத்தின் வாசலில் அவர் பெயர், நாடக மன்றத்தின் திரைச்சீலையில் அவர் பெயர், பஸ் தரிப்பிடத்து வாங்கில்கூட அவர் பெயர். செலவைக் கொடுத்தவரின் பெயரோடு வரும் 'அனுசரணை' என்ற சொல்லை, ஊரில் நின்ற மூன்று கிழமையில் வாசித்த அளவுக்கு நான் என் வாழ்நாளில் வாசித்ததில்லை.

எங்கள் வளவுக்குப் பின்னால் பரமேஸ் வெங்காயம் வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், தனியாளாகத் தோட்டம் செய்பவள். வெங்காயத் தாள்களின் நுனி நெருப்புப் பட்டதுபோல் கருகி நின்றது.

"பரமேஸ், உந்தக் கிணறும் சவரோ?"

"போன கோடையிலை இருந்து. இப்ப மாடும் குடிக்குதில்லை."

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?"

"அரசாங்கக் கந்தோரிலை போய்ச் சொன்னனான். வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போச்சினம். நல்ல தண்ணியெண்டு பதில் வந்தது."

"அப்ப நாங்கள் எல்லாரும் சேர்ந்து போவம். நான் கதைக்கிறன்."

அவள் மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். "நாங்கள் எண்டு ஆரைச் சொல்லுறியள், அக்கா?"

நான் அவளுடைய கிணற்றையும் எங்கள் கிணற்றையும் கையால் காட்டினேன்.

"உங்கடை கிணத்தடியிலை எங்கடை அம்மா குடத்தோடை நிண்டது ஞாபகம் இருக்கே? வீட்டிலை இருந்து ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் நிண்டவா. உங்கடை ஐயா கயித்தைத் தொட விடேல்லை. அப்ப அது உங்கடை கிணறு. இப்ப உப்பெண்டவுடனை எல்லாற்றையும் தண்ணியாப் போச்சுதோ?"

ஞாபகம் இருந்தது. வெயிலில், கிணற்றுக்கட்டிலிருந்து தள்ளி, வேலியோரமாக அந்த மனிசி நிற்பார். என் அம்மா அடுப்பு வேலை முடித்து வரும்வரை நிற்பார். சில நாட்களில் அம்மா வேண்டுமென்றே பிந்திப் போவார். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்துகொண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது இனித்த காலத்திலும் எல்லோருக்கும் இனிக்கவில்லை. பரமேஸ் மறுபடி மண்வெட்டியை எடுத்துக் கொத்தத் தொடங்கினாள். போ என்று சொல்லாமல் சொன்னாள். எனக்கு அவளில் கோபம் வந்தது, என்னைப் பெற்ற ஐயாவில் அதைவிடக் கோபம் வந்தது. இரண்டையும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எனக்கு ரவீந்திரன்தான் அகப்பட்டார்.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு என்னை மேடைக்கு அழைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கதிரையில் இருத்திப் பரிசு கொடுக்க வைப்பது வழக்கம். புறப்படும்போது அண்ணை, "குடுக்கிறதைக் குடுத்திட்டுப் பேசாமல் இரு," என்றார். மேடையில் ரவீந்திரன் எழும்பி வந்து கும்பிட்டார். "வசந்தி, நீர் அப்பிடியே இருக்கிறீர்," என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. பந்தயத்தில் வென்ற பெடியள் கொம்பனியின் பெயர் போட்ட ரீசேர்ட்டோடு வரிசையில் நின்றார்கள். நாடக மன்றம் ஒரு நாடகம் போட்டது. அதில் ஊரைக் காப்பாற்ற வருகிறவருக்கு ரவீந்திரனைப் போலவே மீசை வைத்திருந்தார்கள். பிறகு சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி நன்றிப் பாட்டுப் பாட வைத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் சோற்றுக்கு நன்றி சொல்லிப் பாட, அதை ஒருவர் கதிரையில் இருந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுதி கெட்டது.

என்னிடம் ஒலிவாங்கி வந்தபோது, "ரவீந்திரனிட்டை ஒரு கேள்வி மட்டும்," என்றேன். "ஒரு நாளைக்கு எத்தினை பவுசர் தண்ணி இந்த ஊரிலை இருந்து போகுது? இஞ்சை கிணறுகள் சவராகிறது உமக்குத் தெரியுமோ?"

இரண்டாவது கேள்வி முடிவதற்குள் ஒலி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியும் கொம்பனி வாங்கிக் கொடுத்ததுதான். நான் வெறும் தொண்டையால் கத்தினேன். பெடியள் கூவென்று கூவினார்கள். "அக்கா, இறங்குங்கோ! பிளேனுக்கு நேரமாச்சுது!" என்று ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. ஒரு வெறும் போத்தல் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. ரவீந்திரன் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். அவர் எடுத்ததும் ஒலிவாங்கிக்கு உயிர் வந்தது.

"வசந்தி கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒண்டு கேக்கிறன். சண்டை முடிஞ்சு இந்தப் பிள்ளையள் ஒரு பந்தில்லாமல் நிக்கேக்கை நீர் எங்கை நிண்டனீர்? நோர்வேயிலை இருக்கிற உங்கடை ஊர்ச் சங்கம் கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்பினது. இவையளுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தது ஆர்?"

கைதட்டல் அடங்க நெடுநேரம் எடுத்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. சப்பாத்துக்கு நன்றி, பவுசருக்குக் கணக்கு எங்கே? இந்த இரண்டு வசனங்களையும் ஒரே வாய் சொல்லலாம் என்று அந்த மைதானத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் அண்ணையைத் தேடினேன். அவர் கதிரை வெறுமையாக இருந்தது.

வீட்டில் அவர் விறாந்தையில் நின்றபடி எனக்காகக் காத்திருந்தார். "நீ கதைச்சுப்போட்டுப் போயிடுவாய். நான் இஞ்சையெல்லோ சாகோணும்."

"கிணறு சாகுது, அண்ணை. நீங்கள் பிள்ளையளுக்குப் படிப்பிச்சதுதானே?"

"படிப்பிச்சனான். ஆர் இல்லையெண்டது? இந்த ஊரிலை எனக்குக் கதைக்க நாலு சனம் இருந்தது. இண்டையோடை அதுவும் இல்லை."

அடுத்த நாள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்க் கான் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சனசமூக நிலையத்துக்கு வேறு தலைவர் வந்தார். அண்ணை சைக்கிளில் பண்டத்தரிப்புச் சந்திவரை போய்க் கடையில் தண்ணீர் வாங்கி வந்தார். அங்கே விற்றதும் ரவீந்திரனின் தண்ணீர்தான். நான் வாங்கி வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம், நீ ஒண்டும் செய்யவேண்டாம்," என்றார். மிச்ச நாட்களில் எங்களுக்குள் அதற்கு மேல் கதை இல்லை. தெருவில் என்னைக் கண்டவர்கள் வேலியைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

புறப்படும் காலையில் வான் வந்து வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றும்போது பரமேஸ் பின்வளவால் வந்தாள். துணியால் சுற்றிய ஒரு போத்தலை நீட்டினாள்.

"என்ரை கிணத்துத் தண்ணி. உங்கடை நாட்டிலை எங்கையும் சோதிக்கக் குடுத்துப் பாருங்கோ. இஞ்சை என்ன பதில் வருமெண்டு எனக்குத் தெரியும்."

"கட்டாயம் செய்யிறன், பரமேஸ்."

"உங்களுக்காண்டி இல்லை. என்ரை வெங்காயத்துக்காண்டி." நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

நோர்வேயில் நகரத்துக்கு வெளியே இருக்கும் பல வீடுகளுக்குக் கொம்யூனவின் குழாய் வராது. நானும் கணவரும் இருக்கும் வாடகை வீட்டுக்கும் பின்னால் கிணறுதான். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே போத்தலை மேசையில் வைத்தேன். அங்கிருந்த பெண், "கிணறா?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். "வீட்டுக் கிணறா?" அதற்கும் ஓம் என்றேன். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. கணினியில் என் பெயரைத் தட்டி, வந்து நின்ற முகவரியை எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்து யாழ்ப்பாணம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எடுக்கமாட்டார்களோ என்று பயந்தேன்.

முடிவு வந்தது. உப்பு மட்டுமல்ல, உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் அளவுக்கு மிஞ்சி இருந்தது. குடிக்க உதவாத தண்ணீர் என்று நோர்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதைப் படம் எடுத்துப் பரமேசுக்கு அனுப்பிவிட்டு, அழைப்பும் எடுத்தேன்.

"பார்த்தனான், அக்கா," என்றாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொன்னவள். உதிலை உங்கடை விலாசமெல்லோ கிடக்கு?"

"அது இஞ்சத்தை முறை, பரமேஸ். தண்ணி உம்மடை தண்ணிதானே."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் உதைக் கொண்டுபோய் ஆரிட்டைக் காட்டுறது? நோர்வேயிலை ஒரு கிணறு பழுதெண்டு காட்டுறதோ?" அவள் சிரித்தாள். கேட்கப் பொறுக்க முடியாத சிரிப்பு. "சரி அக்கா, வாறன்."

அதன் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. பவுசர்கள் ஓடுகின்றன. ஊர்க் கழகம் இந்த வருடம் மாவட்டப் போட்டியில் வென்றதாம்.

பரமேசோடு கதைத்த அடுத்த நாள் மதியம் என் வீட்டு வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. கொம்யூனவின் சீருடை போட்ட இளைஞன் ஒருவன் இறங்கி, தண்ணீர் நிரப்பிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கதவடியில் வைத்தான். ஆய்வுகூடத்திலிருந்து தகவல் வந்ததாம். இந்தக் கிணற்றை இனித் தொடக்கூடாதாம். காசு ஒன்றும் வேண்டாம், இது உங்கள் உரிமை என்றான். அவன் முகத்தில் எனக்காக உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலையை எங்கள் ஊரில் ஒரு கந்தோரிலாவது ஒருவர் பரமேசுக்காகப் பட்டிருந்தால் என்று நினைத்தேன். கிணறு இதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுடைய மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

அவன் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து, மெதுவாக, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

"இந்தத் தண்ணீர் சரிவரும்வரை போய் இருக்க, உனக்கு வேறு வீடு இருக்கிறதா?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக அவன் பனிக்குள் நின்றுகொண்டிருந்தான்.