தாய்வீட்டுச் சாமை

கண்ணமங்கலத்துக் கடையில் சாமைப் பாக்கெட்டை எடுக்கும்போதெல்லாம், மலையில் எங்கள் நிலத்தின் நடுவே ஒன்றும் விதைக்காமல் கிடந்த அந்த வெற்றுத் துண்டு கண்ணுக்குள் வந்துவிடும். ஜவ்வாது மலையில் ஒரு முழம் மண்ணைக்கூட யாரும் சும்மா போட்டுவைக்க மாட்டார்கள். போட்டுவைத்தவள் என் அண்ணி. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டுச் சாமையைத் துணியில் முடிந்து எடுத்து வந்தாள். அதன் உமி கறுப்பு, எங்களுடையது வெளுப்பு. அடுத்தடுத்து விதைத்தால் பூக்கும்போது இரண்டும் கலந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

"எங்க வூட்டு சாமை உங்க வூட்டு சாமையக் கையப் புடிச்சி இஸ்துகினு போய்டுமா இன்னா?" என்று அண்ணன் கேலி செய்வான். அம்மாவுக்குக் கேலி வராது, எரிச்சல்தான். வீணாகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுப்பாள். ஒருநாள் மாமியாரும் மருமகளும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

நான் அப்போது பிளஸ் டூ. தாவரவியல் வகுப்பில் தன்மகரந்தச் சேர்க்கை நடத்தினார்கள். ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்து விதையாவது. நெல்லை உதாரணமாகச் சொன்ன டீச்சரிடம் சாமையைப் பற்றிக் கேட்டேன். அதுவும் பெரும்பாலும் அப்படித்தான், பூ கொஞ்ச நேரமே திறந்திருக்கும் என்றார். ஓட்டமாக வந்து அண்ணியிடம் சொன்னேன்.

"அப்போ அதுக்குக் கல்யாணமே வாணாமா பாப்பா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த பருவம் அந்தத் துண்டிலும் விதைத்தாள், அம்மாவும் பேசினாள். கதிரடிக்கும் களத்து விஷயத்தில் மட்டும் அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் சாமையை அடித்து முடித்ததும் களத்தைக் கூட்டி, சாணி மெழுகிய பிறகுதான் தன்னுடையதை அடிப்பாள்.

சில வருஷம் கழித்து மழை பொய்த்து, அவள் தாய்வீட்டில் விதைச் சாமையும் உலைக்குப் போய்விட்டது. உன்னிடம் நம் சாமை இருக்கிறதா என்று அவளுடைய அம்மா ஆள் அனுப்பிக் கேட்டாள்.

"இத்தினி வருசம் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சே பாப்பா. கெட்டுப் போயிருந்தா எங்கம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள் அண்ணி. என் பேச்சை நம்பித்தானே இடைவெளியை மூடினாள். அவள் சாமையை முடிந்துகொண்டு கிளம்பியபோது நானும் கூடப் போனேன்.

அண்ணியின் அம்மா சாமையை உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். நாலைந்தை வாயில் போட்டு மென்றாள். பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமை அப்டியே கீது. நீதான் பேச்சு, நடை எல்லாம் அந்த வூட்டு ஆளா மாறிட்ட."

அண்ணி அங்கே சிரித்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.