விற்றுப்போன பத்து காலண்டர்கள்

பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற ஒவ்வொரு பிள்ளையும் பத்து காலண்டர் விற்க வேண்டும் என்றார்கள். "விக்காட்டி வாத்தியார் நிக்க வச்சிருவாரும்மா" என்று மகள் அழுதாள். போடியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே காலண்டர் கட்டு கிடந்தது. யாரிடம் விற்பது?

என் கணவர் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. கூலிப் பெண்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அரை மணியில் பத்தும் தீர்ந்தன. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு மாதம் போனபோது, காலண்டர்கள் வாசலுக்கு வெளியே மூடுபனியில் ஊறித் தொங்கின.

"ஏத்தா, வீட்டுக்குள்ள மாட்டலாம்ல?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். அவளுக்குத் தேதி வாசிக்கத் தெரியாது.

"நீங்க வர்றப்ப கண்ணுல படணும்லம்மா. வாங்கலைன்னு கங்காணி அய்யா காதுக்குப் போயி, நாளைக்கு வேலை இல்லைன்னுட்டா?"

ஆளுக்கு நாலணாவைத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் பயந்து பயந்துதான் வாங்கினார்கள். நேரே தலைமையாசிரியரிடம் போனேன்.

"எங்ககிட்ட நேராக் கேளுங்க சார். முடிஞ்சதத் தர்றோம்."

"கேக்கக் கூச்சமா இருக்கும்மா."

"உங்க கூச்சத்த எங்க பிள்ளைக தலையில கட்டிட்டீக. நான் அதை லயத்துல கொண்டுபோய் இறக்கிட்டேன்."

இப்போதெல்லாம் என்னால் ஆனதை நன்கொடையாகக் கொடுத்துவிடுகிறேன். விற்கச் சொல்லி எது வந்தாலும் திருப்பி அனுப்புகிறேன். லயத்துக்கு வெறுங்கையோடுதான் போகிறேன். ஆனாலும் அந்தப் பெண்கள் முதலில் பார்ப்பது என் கையைத்தான்.