நஸ்ரீன் கையெழுத்திட மறுத்த அறிக்கை

வகுப்புக்குக் கிளம்பும்போது நஸ்ரீனின் தம்பி போன் செய்தார். “அக்கா மௌத்தாய்ட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்.” அன்று மாலைக்குள் இரங்கல் செய்திகள் வந்து குவிந்தன. அவர் சொல்லாத ஒன்றை அவரது சாதனையாகப் புகழ்ந்ததைப் படிக்கப் படிக்க எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

வாணியம்பாடியில் ஒரே கல்லூரியில் நான் இயற்பியல் பேராசிரியர், அவர் கணினி அறிவியல். ஒரு வரி காதில் விழுந்ததும் முழுப் பாட்டும் நமக்கு நினைவுக்கு வருகிறதல்லவா? அதுபோல அரைகுறைப் படத்திலிருந்து முழுப் படத்தை மீட்கும் நினைவகத்தைக் குவாண்டம் கணினியில் அமைக்க முடியுமா என்பதே அவரது ஆய்வு. ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் எடுத்த ஆட்டு, மாட்டுத் தோல் படங்களை வைத்துச் சோதித்தார். மடிப்பில் பாதி மறைந்த வடு, உண்ணிக் கடியா, முள் கீறலா, சூட்டுத் தழும்பா என்று கணினி சொல்ல வேண்டும்.

“கொஞ்சம் கியூபிட்லயே எக்கச்சக்க வடிவத்த ஒண்ணா வைக்கலாம் சார். ஆனா ஒரு தடவ படிச்சா எல்லாம் கலைஞ்சிடும். அடுத்த கேள்விக்கு மொத்தத்தையும் மறுபடி ஏத்தணும். அங்கதான் பேஜாரு” என்று கேன்டீனில் எனக்கு விளக்கினார். கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை நினைவு அலகு.

நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து நடந்த திட்டம் அது. சாதாரணக் கணினியைக் குவாண்டம் வென்றதாக அறிக்கை எழுதச் சொன்னார் திட்டத் தலைவர். ஏற்றும் நேரத்தையும் சேர்த்தால் சாதாரணக் கணினிதான் முந்தியது.

“அந்த நேரத்த விட்டுடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?” என்றார் தலைவர்.

“சமைக்கிற நேரத்த விட்டுட்டு, சாப்பிடுற நேரத்த மட்டும் சொல்ற மாதிரி இருக்குது சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடுத்த வாரமே அவரைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். குவாண்டம் கணினியைப் பயன்படுத்தும் அனுமதியையும் பறித்தார்கள். அவர் பெயர் இல்லாமல், அதே பொய்யோடு அறிக்கை வெளியானது. எங்கள் நிர்வாகமோ, “பெரிய எடத்துல ஏம்மா மோதுறீங்க?” என்று அவரையே கடிந்துகொண்டது. அவர் தன் மடிக்கணினியில், குவாண்டம் கணினியைப் போலவே இயங்கும் நிரலை வைத்து, தனியாகச் சோதனைகளைத் தொடர்ந்தார்.

இரங்கல் கூட்டத்தில் அந்தத் தலைவரே பேசினார்: “குவாண்டத்தின் வெற்றியை முதலில் காட்டியவர் நஸ்ரீன்.” உழைப்பிலிருந்து பெயரை வெட்டியவர்கள், அவர் வாய் திறக்க முடியாதபோது அதே பெயரைப் பொய்யின்மேல் ஒட்டுகிறார்கள்! எழுந்துவிட்டேன்.

“அவங்க அப்படிச் சொல்லவே இல்ல சார். சொல்ல மாட்டேன்னதுக்குத்தான் நீங்க வெளிய அனுப்பினீங்க.”

என்னை உட்காரச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த தம்பி திரும்பி, “பேசுங்க சார். எங்க அக்கா இன்னா பண்ணாங்கன்னு நான் கேக்கணும்” என்றார். முழுவதையும் சொன்னேன். நான் முடிப்பதற்குள் தலைவரின் நாற்காலி காலியாகியிருந்தது.

“தோத்தத தோத்துச்சுன்னு எழுதினாத்தான் அடுத்தவங்க அங்கிருந்து ஆரம்பிக்க முடியும்” என்பார் நஸ்ரீன். அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது. தம்பி கொடுத்த அவரது சோதனை முடிவுகளும் இருக்கின்றன. அவற்றை அவர் பெயரிலேயே, தோல்வி என்றே வெளியிடுவேன்.